கால் நொடிக் கணக்கு

எங்கள் பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவரில், வெள்ளையடிக்க வருபவர் எப்போதும் விட்டுவிடும் ஒரு மூலையில், விரல் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும். வாலிபால் அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் பி.டி. சார் எங்களை அங்கேதான் வரிசையாக நிறுத்துவார். சாக்பீஸ் தூளில் விரல் நுனியைத் தோய்த்து, சுவரை ஒட்டி நின்று, குதிகால் தரையைவிட்டு எழாமல் கையை எக்கி ஒரு தடம் வைக்க வேண்டும். அப்புறம் ஓடிவராமல், நின்ற இடத்திலிருந்தே எம்பி இன்னொரு தடம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை மர ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் "அடுத்தவன்" என்பார்.

என் தூரம் 38 சென்டிமீட்டர். தினமும் விடியற்காலையில் 200 பஸ்கி எடுத்து, தொடையை உலக்கை மாதிரி வைத்திருந்த வகுப்புத் தோழன் 41. எனக்குப் பின்னால் நின்றவன் என்னைவிட அரையடி குட்டை. கால் இரண்டும் மூங்கில் குச்சி. அவன் 56. சார் ஸ்கேலைத் திருப்பி வைத்து மறுபடி அளந்தார். அப்போதும் 56தான்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்த வாசலைத் தாண்டினாலும் நிலையின் மேல்கட்டையை எம்பி ஒரு தட்டுத் தட்டாமல் போகமாட்டான். "நிலையைத் தட்டாதடா, வீட்டுக்கு ஆகாது" என்று அவன் அம்மா கத்துவது தெருவுக்கே கேட்கும். அதற்கும் சுவரில் விழுந்த 56-க்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சாருக்கும் தோன்றவில்லை. உயரமாக எம்ப வேண்டுமானால் நிறைய எம்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. மைதானத்தைச் சுற்றி எங்களைத் தவளைத் தாவல் தாவவிட்டார். இரண்டு வருஷம் தாவினேன். 38 என்பது 39 ஆனது. முட்டிவலி மிச்சம்.

சுவரில் அளக்கும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. டட்லி ஆலன் சார்ஜென்ட் என்ற அமெரிக்கர் இளவயதில் சர்க்கஸில் வித்தை காட்டியவர். பிறகு மருத்துவம் படித்து, 1879 முதல் 40 ஆண்டுகள் ஹார்வர்டு பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தை நடத்தினார். மார்புச் சுற்றளவு, புஜத்தின் பருமன், எடை, உயரம் என்று மாணவர்களை ஆயிரக்கணக்கில் நாடா வைத்து அளந்து தள்ளியவர். அவ்வளவையும் அளந்து முடித்த கிழவர், 1921-ல் எழுதிய கட்டுரையில் வேறொரு முடிவுக்கு வந்தார்: ஒருவனுடைய உடல் திறனை ஒரே சோதனையில் பார்க்க வேண்டுமா, அவனை நேராக மேலே எம்பச் சொல்லுங்கள். புஜத்தின் பருமன் சொல்லாத எதையோ இந்த ஒரு எம்பு சொல்கிறது என்று அவர் கண்டுகொண்டார். எதைச் சொல்கிறது என்பது தெளிவாக இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம், பெரிதாக ஒன்றுமில்லை. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் 50 சென்டிமீட்டர் எம்புகிறாள் என்று வையுங்கள். தரையை விடும் கணத்தில் அவள் உடல் நொடிக்கு 3.1 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்க வேண்டும். அதில் ஒரு துளி குறைந்தாலும் 50 வராது. பாதம் மண்ணை விட்ட பிறகு அவள் கையை உதறினாலும் காலை உதறினாலும் உடலின் மையம் போகிற உயரம் மாறாது. அது ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. ஆகவே அந்த 3.1-ஐ முழுக்கத் தரையில் இருக்கும்போதே சம்பாதித்தாக வேண்டும். முட்டியை மடக்கித் தாழ்ந்து, அங்கிருந்து நிமிரும் தூரம் சுமார் 40 சென்டிமீட்டர். அதைக் கடக்க அவளுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 0.25 நொடி. அந்த நேரம் முழுக்கச் சராசரியாகத் தன் எடையைப்போல் இரண்டேகால் மடங்கு, அதாவது 135 கிலோ எடைக்குச் சமமான விசையால், அவள் தரையை அழுத்தியிருக்க வேண்டும்.

கால் நொடி. தமிழில் காலும் கால், நான்கில் ஒரு பங்கும் கால் என்பது தற்செயல்தான். ஆனால் எம்புகிறவனின் முழுப் பிரச்சினையும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது.

ஏனென்றால் தசைக்குக் கால் நொடி போதாது. மூளையிலிருந்து உத்தரவு வந்து, தொடைத் தசை தன் முழு இழுப்பையும் திரட்ட 0.3 நொடிக்கு மேல் ஆகும். பலருக்கு இன்னும் அதிகம். தோளில் 150 கிலோ பார்பெல்லோடு எழுந்து நிற்பவருக்கு இது பொருட்டே இல்லை. அவர் எழ இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்கிறார். கடைசிச் சொட்டு பலம் வந்துசேரும்வரை பார்பெல் காத்திருக்கும். எம்புகிறவளுக்காகப் புவியீர்ப்பு காத்திருக்காது. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், இருப்பதே ஒரே ஒரு வாளி இறைக்கும் நேரம் என்றால், வயல் நனைவதை முடிவு செய்வது வாளியும் இறைக்கிற கையும்தான்.

இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. ஏ. வி. ஹில் என்ற ஆங்கிலேயர், தசை வெளியிடும் வெப்பத்தைப் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், தவளைத் தசையை வைத்து 1938-ல் ஒரு விதியை எழுதினார். தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் இழுப்பு குறையும். மெதுவாகச் சுருங்கினால் பலம். வேகமாகச் சுருங்கினால் பலவீனம். எம்பும்போது நமக்கு வேகமும் வேண்டும், பலமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தசை கையை விரிக்கிறது.

அப்படியானால் அந்த மூங்கில் குச்சிக்காரன் எப்படி 56 எம்பினான்?

இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து, மூன்று எண்ணும்வரை அப்படியே அசையாமல் இருந்து, பிறகு எம்புங்கள். அடுத்து, நிமிர்ந்து நின்று, சட்டென்று தாழ்ந்து அதே மூச்சில் எம்புங்கள். இரண்டாவது உயரமாக இருந்திருக்கும். பிரான்ஸில் மாரே, டெமெனி என்ற இருவர் 1885-லேயே இதைக் கருவி வைத்துப் பதிவு செய்துவிட்டார்கள். ஏன் என்பதற்கு வெகுகாலம் சொல்லப்பட்ட விடை, தசையும் தசைநாணும் ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்ப உந்துகின்றன என்பது. அதில் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டன் பாபர்ட்டும் அவருடைய சகாக்களும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். வடம் தொய்ந்து கிடந்தால் இழுப்பின் முதல் பகுதி தொய்வை நிமிர்த்துவதிலேயே போய்விடும். வடம் விறைத்த பிறகுதான் சக்கரம் அசையும். அசையாமல் பாதி உட்கார்ந்திருந்து எம்புகிறவர் தொய்ந்த வடத்தோடு தொடங்குகிறார். பலம் திரண்டு வருவதற்குள் பாதித் தூரம் முடிந்துவிடுகிறது. தாழ்ந்து எழுகிறவர் அந்தத் தாழ்வைத் தடுத்து நிறுத்தும்போதே தசையை முழுக்க விறைக்க வைத்துவிடுகிறார். மேல்நோக்கிய பயணத்தின் முதல் சென்டிமீட்டரிலேயே அவருக்கு முழு இழுப்பும் தயார். கால் நொடியை அவர் ஏமாற்றிவிட்டார். அதற்கு முந்தைய நேரத்தைக் கடன் வாங்கிக்கொண்டார்.

ரப்பர் விஷயம் பெரிதாவது ஓடிவந்து எம்பும்போதும், உயரத்திலிருந்து விழுந்த வேகத்தில் எம்பும்போதும். கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு பிணைக்கும் தடித்த தசைநாண் அப்போது வில்லின் நாணாகிறது. இதில் நம்மையெல்லாம் வெட்கப்பட வைப்பது ஆப்பிரிக்காவின் கலாகோ. நம் தேவாங்குக்கு ஒன்றுவிட்ட உறவு. கால் கிலோ எடைகூடத் தேறாது. நின்ற இடத்திலிருந்து 2.25 மீட்டர் எம்பியதை 1965-ல் அளந்திருக்கிறார்கள். தேவாங்கோ கிளையில் அடுத்த காலை வைப்பதற்கே ஒரு யோசனை யோசிக்கும். ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு பேர் பிறப்பது மனிதர்களில் மட்டும் நடப்பதில்லை.

இனி மாஸ்கோ. யூரி வெர்கோஷான்ஸ்கி 1950-களின் கடைசியில் அங்கே மாணவர்களுக்குத் தடகளப் பயிற்சியாளராக இருந்தார். மும்முறைத் தாண்டுதல் அவருடைய துறை. அந்தக் காலத்தில் தாண்டுகிறவன் பார்பெல்லைத் தொட்டால் உடம்பு இறுகி வேகம் போய்விடும் என்று உலகம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தார்கள். சோவியத் நாட்டில் அந்த நம்பிக்கை முன்னதாகவே உடையத் தொடங்கியிருந்தது. உயரம் தாண்டுதலில் வலேரி புரூமெல் 1963-ல் 2.28 மீட்டரை எட்டியபோது, அதற்குப் பின்னால் அவருடைய பயிற்சியாளர் தியாச்கோவ் கொடுத்த கனமான எடைப்பயிற்சி இருந்தது. வெர்கோஷான்ஸ்கியும் எடை தூக்க வைத்தார். ஆனால் அவரை ஒரு எண் உறுத்தியது. மும்முறைத் தாண்டுதலில் நடுவில் ஒற்றைக் காலில் விழுந்து எழும்போது, கண் இமைக்கும் நேரத்துக்குள் உடல் எடையின் பல மடங்கு விசையைக் கால் தாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். அவ்வளவு விசையை பார்பெல்லாக மாற்றித் தோளில் வைத்தால் முதலில் போவது முதுகு. வைத்தாலும் அது மெதுவாகத்தான் எழும்.

அவர் கண்ட வழி, பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு மேடையில் ஏறி நில். குதிக்காதே, ஒரு அடி முன்னால் வைத்து விழு. பாதம் தரையைத் தொட்டதும், சுடுகல்லை மிதித்தவன் மாதிரி, அதே கணத்தில் முழு பலத்தோடு மேலே எம்பு. விழும் உடலே பாரம். அதைத் தடுக்கும் அந்தக் குறுகிய நேரத்தில், நாம் மனம் வைத்துத் திரட்ட முடியாத அளவுக்குத் தசை விறைக்கிறது. இழுபட்ட தசை தானாகவே திருப்பி இழுக்கும் அனிச்சையும் சேர்ந்துகொள்கிறது. இதற்கு அவர் வைத்த பெயர் அதிர்ச்சி முறை. வேகமாகத் திரும்பி எழப் பழக 75 சென்டிமீட்டர் மேடை, பலத்துக்கு 110 சென்டிமீட்டர் என்று அவர் பரிந்துரைத்தார். பல ஆண்டு பழகிய வீரர்களுக்குச் சொன்னது அது; அவர்களுக்கும் ஒரு நாளைக்கு 40 எம்புக்கு மேல் கூடாது என்றார்.

அமெரிக்காவின் முன்னாள் ஒலிம்பிக் ஓட்டக்காரர் பிரெட் வில்ட் இதற்கெல்லாம் சேர்த்து 1975-ல் 'பிளையோமெட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். பெயர் பரவியது. கூடவே போக வேண்டிய எச்சரிக்கைகள் எல்லையிலேயே நின்றுவிட்டன. இன்று பிளையோமெட்ரிக்ஸ் என்று செல்போனில் தேடினால் வருவதெல்லாம் நெஞ்சளவு பெட்டிமேல் தாவி ஏறும் வீடியோக்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான். பெட்டிமேல் ஏறி நிற்கிறவன் எவ்வளவு எம்பினான் என்பது அதில் தெரியவே தெரியாது. முட்டியை எவ்வளவு மடக்கி நெஞ்சோடு சேர்த்தான் என்பதுதான் தெரியும். வெர்கோஷான்ஸ்கி கேட்டது பெட்டியிலிருந்து விழுவதை. இவர்கள் செய்வது பெட்டிமேல் ஏறுவதை. ஒன்றில் பாரம் இருக்கிறது, மற்றதில் கைதட்டல்.

மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 20 சென்டிமீட்டரில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு உயரத்திலிருந்தும் விழுந்து எம்பி, சுவரில் தடம் வைக்கச் சொல்லுங்கள். தடம் ஒரு கட்டம்வரை மேலே போகும், அப்புறம் இறங்கும். இறங்கினால் மேடை அந்தக் காலுக்கு அதிகம். காதையும் பயன்படுத்தலாம். பாதம் விழும் சத்தம் 'டப்' என்று ஒரே சொடுக்காக இருந்தால் சரி. 'தொம்' என்று விழுந்து குதிகாலும் தரையில் அடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு எழுந்தால் அங்கே வில் இல்லை. சாக்கு மூட்டைதான் இருக்கிறது.

அப்படியென்றால் எடை தூக்குவது வீணா? இல்லை. கிணற்றில் தண்ணீரே இல்லாவிட்டால் வாளி எதற்கு? ஆனால் எடைப்பயிற்சிக்கும் எம்புக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல என்பதை, நான் படித்த ஆய்வுகளிலேயே எனக்கு மிகப் பிடித்த ஒன்று காட்டுகிறது. மறுபடி அதே பாபர்ட்தான்; இந்தமுறை வான் சோஸ்ட் என்பவரோடு, 1994-ல். கணினிக்குள் ஒரு மனிதனைக் கட்டினார்கள்: இடுப்பு, முட்டி, கணுக்கால், அவற்றை அசைக்கும் தசைகள். எந்தத் தசை எந்தக் கணத்தில் இழுக்கத் தொடங்கினால் அவன் அதிக உயரம் எம்புவான் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். பிறகு நேரக்கணக்கைத் தொடாமல் தசைகளை மட்டும் பலமாக்கினார்கள். எம்பின் உயரம் குறைந்துவிட்டது! கால் பலமாகியும் எம்பு தாழ்ந்தது. பழைய தசைக்கு எழுதிய தாளம் புதிய தசைக்குப் பொருந்தவில்லை. இடுப்பு முதலில், அடுத்து முட்டி, கடைசியில் கணுக்கால் என்று நீள வேண்டிய ஒழுங்கு குலைந்துபோனது. புதிய தசைக்கு ஏற்றபடி நேரக்கணக்கையும் திருத்தி எழுதிய பிறகுதான் உயரம் கூடியது.

பஸ்கித் தோழனின் 41 அங்கே எனக்கு விளங்கியது. அவன் தசையைக் கட்டினான், தாளத்தைக் கட்டவில்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் 1992-ல் ஆடம்ஸும் சகாக்களும் 48 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆறு வாரம் ஸ்குவாட், அதாவது பாரத்தோடு எடுக்கும் பஸ்கி, மட்டும் செய்தவர்கள் 3.3 சென்டிமீட்டர் கூடுதலாக எம்பினார்கள். பிளையோமெட்ரிக்ஸ் மட்டும் செய்தவர்கள் 3.8. இரண்டையும் செய்தவர்கள் 10.7. கடைசி எண்ணை அப்படியே நம்பி ஆறு வாரத்தில் நாலு அங்குலம் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சின்னக் குழு, குறுகிய காலம். பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2007-ல் மார்கோவிச் செய்த கணக்கில், பிளையோமெட்ரிக்ஸ் தரும் லாபம் எம்பின் வகையைப் பொறுத்து 5 முதல் 9 சதவீதத்துக்குள்தான் நிற்கிறது. 50 எம்புகிறவளுக்கு அது இரண்டரை முதல் நாலரை சென்டிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கலாம். வலைக்கு மேல் எதிராளியின் விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று விளையாடியவர்களைக் கேளுங்கள்.

எடை தூக்கும்போதும் ஒரு நுணுக்கம். கனமான பார்பெல் மெதுவாகத்தான் எழும். ஆனால் தூக்குகிறவர் அதை வேகமாக எழுப்பத்தான் முயல வேண்டும். கனடாவில் பெம், சேல் என்ற இருவர் 1993-ல் காட்டியது இதைத்தான்: கால் உண்மையில் எந்த வேகத்தில் அசைந்தது என்பதைவிட, எந்த வேகத்தில் அசைக்க நினைத்தோம் என்பதுதான் நரம்பைப் பழக்குகிறது. பேச்சுப் பேசிக்கொண்டே 15 முறை எடுக்கும் ஸ்குவாட்டைவிட, மனம் குவித்து எடுக்கும் 4 ஸ்குவாட் எம்புக்கு உதவும். தசையின் பெரிய இழைகள் பிகு பண்ணுகிற மாப்பிள்ளைகள். சின்ன வேலைக்குச் சின்ன இழைகளே முன்வந்து முடித்துவிடும். மிகக் கனமான பாரம் அல்லது மிக வேகமான உத்தரவு, இரண்டில் ஒன்று இல்லாமல் பெரிய இழைகள் எழுந்து வராது.

தவளைத் தாவலின் குற்றம் இங்கேதான் இருக்கிறது. மைதானத்தை ஒரு சுற்றுத் தாவ எனக்கு 100-க்கு மேல் தாவல் ஆகும். பத்தாவது தாவலுக்கு மேல் அதில் எம்பே கிடையாது, உருண்டு போவதுதான். களைத்த கால் மெதுவாகத் தள்ளும். மெதுவாகத் தள்ளத் தள்ள நரம்பு மெதுவாகத் தள்ளுவதைக் கற்றுக்கொள்ளும். இரண்டு வருஷமாக நான் சிரத்தையாகப் பழகியது தாழ்வாக எம்புவதை. நல்ல பயிற்சியாளர்கள் ஒரு முறைக்கு ஐந்து ஆறு எம்புதான் கேட்கிறார்கள், ஒவ்வொன்றும் முழுசாக. நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா நிற்கச் சொல்கிறார்கள். சுவரில் தடம் இறங்கத் தொடங்கினால் அன்றைய கடை அடைப்பு. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். வேர்வை வரவில்லையே என்று பெற்றோர் வந்து சண்டை போடுவதுதான் இதில் பெரிய தொல்லை என்றார் எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சியாளர்.

முட்டியைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. நார்வேயில் உயர்மட்ட விளையாட்டு வீரர்களைச் சோதித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வாலிபால் ஆடுபவர்களில் 45 சதவீதம் பேருக்கும் கூடைப்பந்து ஆடுபவர்களில் 32 சதவீதம் பேருக்கும் முட்டிச் சில்லுக்குக் கீழே தசைநாண் வலி இருந்தது. 'எம்புவோர் முட்டி' என்றே அதற்குப் பெயர். இதில் கொடுமை என்னவென்றால், நன்றாக எம்புகிறவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. தசை சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண் மாதக்கணக்கில் அடம்பிடிக்கும். கால் தேறிவிட்டது என்று நினைத்து எம்புகளைக் கூட்டுகிறோம். நாண் பின்னால் எங்கோ வந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எம்பச் சொல்லித் தருவதற்கு முன் இறங்கச் சொல்லித் தருகிறார்கள். பாதத்தின் முன்பகுதி முதலில் தொட, இடுப்பு பின்னால் போக, முட்டிகள் இரண்டும் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக மடங்க, சத்தமில்லாமல் இறங்குவது. பெண்களுக்கு முட்டி உள்பக்கம் சாய்வது அதிகம். உள்ளே இருக்கும் சிலுவைத் தசைநார் அறுவது பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹியூவெட் என்பவரும் சகாக்களும் 1996-ல் பள்ளி வாலிபால் மாணவிகளுக்கு ஆறு வாரம் இறங்கும் முறையை மையமாக வைத்து எம்புப் பயிற்சி கொடுத்தார்கள். தரையில் மோதும் விசை 22 சதவீதம் குறைந்தது. எம்பின் உயரமோ ஏறக்குறைய 10 சதவீதம் கூடியிருந்தது. பிரேக் சரியாக இருக்கும் வண்டியைத்தான் துணிந்து ஓட்ட முடியும் என்பது லாரி ஓட்டுபவர்களுக்குத் தெரியும். உடம்புக்கும் அது தெரிந்திருக்கிறது.

கைகளை வீசுவதை மறந்துவிடுகிறோம். சரியான நேரத்தில் பின்னாலிருந்து மேலே வீசும் கை மட்டுமே எம்பின் உயரத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ கூட்டித் தரும். செலவில்லாத லாபம் இது.

இனி, பயிற்சியாளரின் வாய். எங்கள் சார் மைதானத்தின் ஓரத்தில் நின்று, "முட்டியை மடக்கு, குதிகாலைத் தள்ளு, இடுப்பை நிமிர்த்து, கையை வீசுடா" என்று நான்கு கட்டளைகளை ஒரே மூச்சில் கத்துவார். கால் நொடியில் நான்கு கட்டளை. லாஸ் வேகஸில் கேப்ரியல் வுல்ஃபும் சகாக்களும் 2007-ல் ஒரு சோதனை செய்தார்கள். உயரத்தில் படிப்படியாகக் கம்பிகள் நீட்டிய கருவி; எம்பி எட்டும் கம்பியைத் தட்ட வேண்டும். சிலமுறை விரல் நுனியில் கவனம் வைக்கச் சொன்னார்கள். சிலமுறை கம்பியில் கவனம் வைக்கச் சொன்னார்கள். மற்றதெல்லாம் ஒன்றே. கம்பியை நினைத்தபோது அதிக உயரம் எம்பினார்கள். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவதிலும் இப்படித்தான்: "முட்டியை வேகமாக நீட்டு" என்று கேட்டவர்களைவிட, "கோட்டைவிட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போ" என்று கேட்டவர்கள் சராசரியாக 10 சென்டிமீட்டர் அதிகம் தாண்டினார்கள். ஒரு சென்டிமீட்டர் தசைகூட வளரவில்லை. ஒரு வாக்கியம் மாறியது. தன் உடம்பை நினைக்கிறவனுக்கு உடம்பு குறுக்கே நிற்கிறது.

நிலையின் மேல்கட்டையைத் தட்டியவனுக்கு இப்போது வருவோம். அவன் ஒரு நாளைக்கு இருபது முப்பது வாசல் தாண்டியிருப்பான். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு எம்பு, முழு பலத்தோடு. அடுத்த வாசல் வரும்வரை ஓய்வு. கண் எப்போதும் கட்டையில். காலைப் பற்றி அவன் வாழ்நாளில் நினைத்திருக்கமாட்டான். வீட்டுக்குள் போகிற அவசரத்தில் ஒன்றிரண்டு அடி ஓட்டமும் இருக்கும். கையும் தானே வீசும். ஐந்தாறு வயதிலிருந்து அப்படி. ஆய்வுக்கூடங்கள் ஒரு நூற்றாண்டு தேடித் திரட்டிய பயிற்சித் திட்டம் முழுவதையும் அவன் தன் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே செய்து முடித்திருக்கிறான். பிறவியிலேயே நல்ல நாண் வாய்த்தவன் என்பதும் இருக்கும். எல்லாவற்றையும் கட்டைமேல் போட்டுவிட முடியாது.

அவன் எம்பினால் காற்றில் கொஞ்ச நேரம் நிற்பான் என்று நாங்கள் சத்தியம் செய்வோம். கேரளத்தின் பேராவூரிலிருந்து இத்தாலிவரை போய் ஆடிய வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜைப் பற்றியும் பார்த்தவர்கள் இதையேதான் சொல்வார்கள். காற்றில் யாரும் நிற்பதில்லை. 50 சென்டிமீட்டர் எம்பில் வானத்தில் இருக்கும் நேரம் 0.64 நொடி, அதில் சரிபாதி, உயரத்தின் உச்சியிலுள்ள கால் பங்கில் கழிகிறது. மேலே போகப் போக வேகம் குறைவதால் வரும் கணக்கு இது. அந்தக் கடைசி 12.5 சென்டிமீட்டரில் 0.32 நொடி. கண்ணுக்கு அது நிற்பதாகத்தான் படும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் சுவரே வேண்டாம். காற்றில் இருந்த நேரம் தெரிந்தால் உயரம் தெரிந்துவிடும். போன வருஷம், மேலே சொன்ன அந்தப் பயிற்சியாளருடைய மைதானத்துக்குப் போயிருந்தேன். பள்ளி மாணவிகள் அணி. வேப்பமரக் கிளையிலிருந்து கயிறு கட்டி, அதில் ரிப்பன்களை வெவ்வேறு உயரத்தில் தொங்கவிட்டிருந்தார். முட்டி, இடுப்பு, குதிகால் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "மஞ்சளைத் தொடும்மா" என்பார், தொட்டால், "இப்போ சிவப்பு." ஒரு பெண்ணின் எம்பை என் செல்போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் வேகத்தில் பிடித்து, மர நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளி எண்ணினோம். கட்டைவிரல் மண்ணைவிட்ட படத்திலிருந்து திரும்பத் தொட்ட படம்வரை 134. கணக்குப் போட்டால் 38 சென்டிமீட்டர். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

பத்து வாரம் கழித்து மறுபடி போனேன். அதே மரம், அதே போன், அதே பெண். ரிப்பன் மட்டும் மாறியிருந்தது, நீலம். அவள் இரண்டடி தள்ளி நின்று அதை ஒரு பார்வை பார்த்தாள். வந்து நின்றாள், தாழ்ந்தாள், எம்பினாள். நிழலில் உட்கார்ந்து படத்தைத் தள்ளினோம். இந்தமுறை அவளே எண்ணினாள், சத்தமாக. 134 வந்தபோது பாதம் இன்னும் காற்றில்தான் இருந்தது. கட்டைவிரலுக்கும் அதன் நிழலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. 140. 142. நூற்று நாற்பத்து நாலாவது படத்தில்தான் விரல் நுனி மண்ணைத் தொட்டது, அதைச் சுற்றி இத்தனூண்டு புழுதி கிளம்பியிருந்தது.